லிஃப்ட் இல்லாத பனி: சரிவில் ஸ்கீ ஓடியவர்கள் ஒஸ்லோவில் கிராஸ் கன்ட்ரி பழகுவது எப்படி

மலைச்சரிவில் ஸ்கீ ஓடத் தெரிந்த ஒருவர் நார்வேயின் தலைநகர் ஒஸ்லோவுக்குக் குடிவந்தால், முதல் குளிர்காலத்திலேயே மெட்ரோவில் ஒன்றைக் கவனிப்பார். வேலை முடிந்து வரும் கூட்டத்தில் பலர் கையில் கிராஸ் கன்ட்ரிக்கான, அதாவது லிஃப்ட் இல்லாமல் சொந்தக் காலால் உந்திக் காட்டுத் தடத்தில் ஓடும் ஸ்கீக்கான, ஒல்லியான நீளப் பலகைகள் இருக்கும். அவர்கள் விடுமுறைக்குக் கிளம்பியவர்கள் அல்லர். ஒரு மணி நேரம் காட்டுக்குள் ஓடிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பப்போகிறவர்கள். லிஃப்ட், சரிவு, வாரக்கடைசி, முன்பதிவு என்றே பழகிய நமக்கு இது முதலில் ஸ்கீயாகவே தோன்றாது, ஏதோ நடைப்பயிற்சி என்று நினைப்போம். முதல் ஏற்றத்திலேயே அந்த எண்ணம் மாறிவிடும்.

நான் சரிவு ஸ்கீயிலிருந்து வந்தவன், இன்றும் அதை விடவில்லை. அதனால் இந்த வழிகாட்டி முதன்மையாக என்னைப் போன்றவர்களுக்கு. ஸ்கீயே தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் அவர்களிடம் இல்லை என்பதால் சில இடங்களில் அவர்களுக்கு வேலை எளிது.

முதலில் என் முடிவான கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கிராஸ் கன்ட்ரியை மலை விடுதியில் ஒரு வாரம் தங்கிக் கற்பதைவிட, நகரத்துத் தடத்தில் வாரம் இரண்டு மாலை ஓடிக் கற்பது நல்லது. இதில் பழக வேண்டியது ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலை. ஒரே நாளில் ஆறு மணி நேரம் முயன்றால் கால் சோர்ந்து தப்பான அசைவுதான் படியும். நாற்பது நிமிடம் ஓடி, இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி போனால், இடையில் உடம்பு தானாகவே ஒன்றைக் கற்று வைத்திருக்கும்.

ஏன் ஒஸ்லோ

ஒஸ்லோவைச் சுற்றிக் கிடக்கும் காட்டுக்கு மார்க்கா என்று பெயர். வடக்கே நூர்மார்க்கா, வடகிழக்கே லில்லோமார்க்கா, கிழக்கே ஓஸ்ட்மார்க்கா என்று அதற்குப் பல பகுதிகள். நகரம் இந்தக் காட்டைத் தின்றுவிடாமல் இருக்க 2009-ல் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. காட்டில் யாரும் நடக்கலாம், ஸ்கீ ஓடலாம் என்ற உரிமை 1957-ன் திறந்தவெளி வாழ்க்கைச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தடங்களைப் போட்டுப் பராமரிப்பதில் பெரும்பங்கு 1883-ல் தொடங்கிய ஷீஃபோரெனிங்கன் என்ற சங்கத்துடையது. மார்க்காவில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தடம் உண்டு, நுழைவுக் கட்டணம் கிடையாது. லிஃப்ட் சீட்டுக்குக் காசு கொடுத்தே பழகிய நமக்கு இதை நம்பச் சற்று நேரம் பிடிக்கும். சங்கத்தில் உறுப்பினராவது கட்டாயம் இல்லை. ஆனால் தொடர்ந்து ஓடுகிறவர்கள் சேர்ந்துவிடுவதே நியாயம் என்பது என் எண்ணம். இரவில் இயந்திரத்தை ஓட்டித் தடம் போடுவதற்கான செலவை யாராவது ஏற்கத்தானே வேண்டும்.

சரிவுக்காரர்களுக்கு இங்கே அந்நிய உணர்வு வேண்டியதில்லை. ஒஸ்லோவில் நடந்த 1952 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்லாலோம் (கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்கும்) பந்தயம் நடந்த ரோட்கிளைவா சரிவு ஃபிரோக்னர்செட்டரன் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில்தான். மற்ற சரிவுப் பந்தயங்களான டவுன்ஹில்லும் ஜயன்ட் ஸ்லாலோமும் தொலைவிலுள்ள நூரெஃபியெல்லில் நடந்தன. அங்கே ஜயன்ட் ஸ்லாலோமில் நார்வே வீரர் ஸ்டைன் எரிக்சன் தங்கம் வென்றார். கிராஸ் கன்ட்ரி நடந்தது ரோட்கிளைவா இருக்கும் அதே குன்றிலுள்ள ஹோல்மென்கொல்லனில். இரண்டு விளையாட்டும் இந்த ஊரில் ஒரே குன்றைப் பங்குபோட்டுக்கொண்டவைதான்.

கருவி: எது மாறுகிறது

சரிவு பூட்ஸ் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருக்கும், குதிகால் பைண்டிங்கில் (காலணியைப் பலகையோடு பிணைக்கும் பூட்டில்) பூட்டப்பட்டிருக்கும், பலகையின் இரு ஓரத்திலும் எஃகு விளிம்பு இருக்கும். இந்த மூன்றும் இங்கே இல்லை. தடத்தில் ஓடும் கிராஸ் கன்ட்ரி பலகையின் அகலம் 45 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். காலணி ஓட்டக் காலணி அளவுக்கு மென்மையானது. விரல்முனை மட்டுமே பைண்டிங்கில் மாட்டும், குதிகால் சுதந்திரமாக எழும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: விழுந்தால் சரிவு பைண்டிங்போல இது கழன்றுகொள்ளாது.

உண்மையான வேறுபாடு பலகையின் நடுவில் இருக்கிறது. தரையில் வைத்துப் பார்த்தால் நடுப்பகுதி வில்லாக மேலே வளைந்திருக்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் அந்த வில் பனியைத் தொடாது, முன்னும் பின்னும் மட்டுமே வழுக்கும். உடல் எடை முழுவதையும் ஒரே காலில் போட்டு அழுத்தினால் வில் தட்டையாகி நடுப்பகுதி பனியில் பதியும். அங்கே ஒட்டியிருக்கும் பிடிமானப் பொருள் பனியைப் பற்றிக்கொள்ளும், அந்தக் கணத்தில் உதைத்து முன்னேறலாம். தடத்தின் இரு பள்ளத்தில் நேராக ஓடும் கிளாசிக் பாணியின் மொத்தச் சூட்சுமமும் இவ்வளவுதான்: ஒரே பலகை ஒரு நொடி பிடிக்கும், அடுத்த நொடி வழுக்கும்.

அதனால் பலகையை உயரத்தைப் பார்த்து மட்டும் எடுத்துவிடக் கூடாது, எடையையும் பார்க்க வேண்டும். கிளாசிக் பலகை பொதுவாக உங்கள் உயரத்தைவிட 10 முதல் 20 சென்டிமீட்டர் நீளம். கடையில் சமதரையில் இரண்டு பலகையிலும் நின்று, காலடியில் ஒரு காகிதத்தை நுழைக்கச் சொல்லுங்கள். சமமாக நிற்கும்போது காகிதம் முன்னும் பின்னும் நகர வேண்டும். எடையை ஒரே காலுக்கு மாற்றினால் அசையாமல் பிடிபட வேண்டும். சரிவில் கடினமான பலகை திறமைக்கு அடையாளம் என்று நினைத்துப் பழகியவர்கள் இங்கேயும் கடினமானதையே கேட்பார்கள். வேண்டாம். வில்லை அழுத்த முடியாவிட்டால் ஒவ்வொரு உதையும் பின்னால் வழுக்கும். தொடக்கத்துக்குச் சற்று மென்மையானதே நல்லது.

கோல்கள் சரிவுக் கோலைவிட நிறைய நீளம். கிளாசிக்குக்கு உயரத்தில் 83 முதல் 85 விழுக்காடு. 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 140 அல்லது 145. சந்தேகமாக இருந்தால் குறைந்ததை எடுங்கள்.

முதல் சில முறைக்கு எதையும் வாங்க வேண்டாம். வாடகைக் கடைகள் உண்டு. பூஆ என்ற வலையமைப்பின் இரவல் நிலையங்களில் விளையாட்டுக் கருவிகளை இலவசமாகவே தருவார்கள், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும். பிறகு வாங்கும்போது பலகை பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, காலணியைப் புதிதாக, காலுக்குப் பொருத்தமாக வாங்குங்கள். சரிவு பூட்ஸ்போல் இறுக்கமாக எடுத்துவிடாதீர்கள், விரல்கள் அசைய வேண்டும். பழைய பொருள் வாங்குகிறவர்கள் பைண்டிங் வகையைப் பார்க்க வேண்டும். என்.என்.என்., புரோலிங்க், டர்னமிக் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும். எஸ்.என்.எஸ். என்ற பழைய வகை இவற்றோடு சேராது. மலிவாகக் கிடைக்கும் பலகைகள் பலவற்றில் அதுதான் இருக்கும்.

மெழுகா, தோலா

பிடிமானத்துக்கு இரண்டு வழி. ஒன்று, பலகையின் நடுவில் மோஹேர் (ஆட்டு மயிர்) பட்டை ஒட்டிய தோல் ஸ்கீ. மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் பிடிக்கும். இன்னொன்று, ஒவ்வொரு நாளும் பனிக்கேற்ப மெழுகு பூசுவது.

நகரத்தில் வேலை முடிந்து ஓடப்போகும் புதியவருக்கு என் பரிந்துரை சந்தேகமில்லாமல் தோல் ஸ்கீதான். ஒஸ்லோவின் குளிர்காலம் பூச்சியம் டிகிரியைச் சுற்றியே பல நாள் ஊசலாடும். மெழுகுக்கு மிகக் கடினமான வெப்பநிலை அது. அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். தோல் ஸ்கீயில் அந்தக் கவலை குறைவு.

ஆனாலும் மெழுகைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட வேண்டாம். 1946-ல் தொடங்கிய ஸ்விக்ஸ் நிறுவனத்தின் மெழுகுகள் நிறத்தால் அறியப்படுபவை. புதுப்பனியில் மைனஸ் 1 முதல் மைனஸ் 7 வரை நீலத்தின் ‘எக்ஸ்ட்ரா’ வகை, அதைவிடக் கடுங்குளிருக்குப் பச்சை. குதிகாலிலிருந்து முன்னோக்கி அரை மீட்டர் அளவுக்கு மெல்லிசாகப் பூசி, தக்கையால் தேய்த்து, மறுபடி பூச வேண்டும். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் பனி ஒட்டிக் கட்டியாகிவிடும். நீல மெழுகு சரியாக அமைந்த நாளில் கிடைக்கும் பிடியும் வழுக்கலும் தோல் ஸ்கீயில் கிடைக்காது, அதற்காகவே ஒரு நாள் கற்க வேண்டும். பழைய பெட்டியோடு ஃபுளோரின் கலந்த மெழுகு கிடைத்தால் பூசாதீர்கள். மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுவது அது. சர்வதேசப் போட்டிகளிலும் 2023–24 பருவம் முதல் அதற்குத் தடை.

உடை பற்றி ஒரே விதி: தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். லிஃப்டில் உட்காருவதற்கென்று செய்த தடித்த சரிவு ஜாக்கெட் இங்கே பத்தாவது நிமிடத்தில் வியர்வையால் நனைந்துவிடும். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே காற்று புகாத மெல்லிய ஜாக்கெட், மெல்லிய கையுறை, தொப்பி. பருத்தி வேண்டாம். ஓடி முடித்து மெட்ரோவுக்குக் காத்திருக்கும்போது போட ஒரு கம்பளிச் சட்டை பையில் இருக்கட்டும். ஹெல்மெட் இங்கே வழக்கத்தில் இல்லை.

எங்கே தொடங்குவது

ஊருக்குப் புதிதாக வருகிறவர்களை எல்லோரும் ஃபிரோக்னர்செட்டரனுக்கு அனுப்புவார்கள். முதலாம் எண் மெட்ரோவின் கடைசி நிலையம், கடல்மட்டத்திலிருந்து 469 மீட்டர், பனி உறுதி. எல்லாம் சரிதான். ஆனால் அங்கே இறங்கியதுமே ஏற்றமும் இறக்கமும் தொடங்கிவிடும். சரிவுக்காரர்கள் இறக்கம்தானே என்று துணிந்து போவார்கள். விளிம்பில்லாத பலகையில் முதல் நாளே அந்தத் துணிச்சல் வேண்டாம்.

நான் சொல்வது சோங்ஸ்வான். ஐந்தாம் எண் மெட்ரோவின் கடைசி நிலையம், இறங்கிச் சில நிமிட நடையில் ஏரி. ஏரியைச் சுற்றிய பாதை சுமார் 3.3 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். எதைத் தப்பாகச் செய்தாலும் வேகம் எடுக்காது, அது போதும்.

கிழக்கில் குரூருட் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் சோங்ஸ்வான் வரை வர வேண்டியதும் இல்லை. இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய வசிக்கும் பகுதி அது. அம்மெருட், ரும்சோஸ் அடுக்குமாடிகளுக்குப் பின்னாலேயே லில்லோமார்க்கா தொடங்குகிறது. நம்மவர்களில் பலருக்குக் காடு வீட்டுவாசலிலேயே இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் ஸ்கீ நாளுக்குப் போய்வருகிறார்கள். பெற்றோரும் அவர்களோடு ஒரு மாலை இறங்கினால் போதும், அந்தக் குளிர்காலமே வேறாகத் தெரியும்.

டிசம்பர் கடைசியில் ஒஸ்லோவில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. அதனால் வேலைநாளில் ஓடுவதென்றால் விளக்குத் தடம்தான். கம்பங்களில் விளக்குப் போட்ட தடங்கள் நகர விளிம்பெங்கும் உண்டு. லூஸ்லோய்ப்பெ என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். எவ்வளவு நேரம் எரியும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், நெற்றிவிளக்கு ஒன்றும் பையில் இருக்கட்டும்.

நகர மையத்தில் மழை பெய்யும் அதே மாலை மேலே பனி விழும். ஜன்னல் வழியே பார்த்துவிட்டு இன்று வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். இயந்திரம் எந்தத் தடத்தில் எப்போது கடைசியாகப் போனது என்பதை ஸ்பூரெ (முன்பு ஷீஸ்பூரெ) இணையதளத்தின் வரைபடம் காட்டும். சில மணி நேரத்துக்கு முன் போட்ட தடம் என்றால் உடனே கிளம்பலாம். பகலில் இளகி இரவில் உறைந்த தடம் கண்ணாடியாகிவிடும், புதியவர்கள் அன்று வீட்டில் இருப்பதே மேல்.

முதல் மாலை

காலணியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள், சரிவு பூட்ஸ்போல இதில் நடப்பது சிரமமில்லை. பலகைகளை இரண்டு இடத்தில் பட்டையால் கட்டி, மெட்ரோவில் நேராக நிறுத்திப் பிடியுங்கள். அவற்றுக்குத் தனிச் சீட்டு வேண்டாம். தடத்தருகே வந்ததும் காலணி அடியில் ஒட்டிய பனியைக் கோல்முனையால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். பைண்டிங் மாட்டவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அந்தப் பனிக்கட்டிதான்.

இப்போது கோல்களை ஓரமாகக் குத்தி வைத்துவிடுங்கள். கை வெறுமையாக, தடத்தின் இரு பள்ளத்தில் நின்று நடக்கத் தொடங்குங்கள். சரிவுக்காரர்களின் முதல் தவறு இங்கே வெளிப்படும். வேகம் வேண்டுமென்றால் முழங்காலுக்குக் கீழே எலும்பைப் பூட்ஸின் நாக்கில் சாய்த்து அழுத்துவது நம் உடம்பில் ஊறியது. இங்கே சாய்வதற்கு நாக்கே கிடையாது. கணுக்காலை மடக்கி, இடுப்பை முன்னே கொண்டுவந்து, கணுக்காலிலிருந்தே உடல் முழுவதும் லேசாக முன்னே விழுவதுபோல நில்லுங்கள். எடை பாதத்தின் நடுவிலும் விரல்களுக்குப் பின்னுள்ள மேட்டிலும் இருக்கட்டும். இடுப்பில் மடங்கிக் குனியக் கூடாது.

நடை பழகியதும் மெதுவோட்டமாக மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு அடிக்கும் பின் ஒரு கணம் அந்த ஒற்றைக்காலிலேயே வழுக்கிப் பாருங்கள். மூக்கு, முழங்கால், கால்விரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வழுக்கும் பலகையின் மேல் இருக்கிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலோர் எடையை இரு பலகைக்கும் நடுவிலேயே வைத்துக்கொண்டு பாதத்தை இழுத்து இழுத்துப் போவார்கள். அது நடைதான், ஸ்கீ ஆகாது.

அடுத்தது உதை. உதை என்றதும் பின்னோக்கித் தள்ளத் தோன்றும். அப்படித் தள்ளினால் பலகை வழுக்கி ஓடிவிடும். கீழ்நோக்கி, சுருக்கமாக, கால்கள் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் கணத்தில் அழுத்த வேண்டும். வாசல்படியில் தாவி ஏறும்போது காலை எப்படி ஊன்றுவீர்களோ அப்படி. பின்கால் தானாகவே எழுந்துவிடும், அதைத் தூக்க முயல வேண்டாம். பலகை பின்னால் நழுவினால் உதை தாமதமாக வந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

இந்த நேரக்கணக்குப் பிடிபட்ட பிறகுதான் கோல். பட்டைக்குள் கையைக் கீழிருந்து நுழைத்து, பட்டையோடு சேர்த்துப் பிடியுங்கள். எதிர்க் கை, எதிர்க் கால். நடக்கும்போது தானாக வருவதுதான். கை பின்னால் போனதும் பிடியைத் தளர்த்திவிடுங்கள், பட்டை கோலைத் திருப்பித் தரும். சரிவில் கோல் வளைவுக்கு அடையாளம் போடத்தான், இங்கே அது மூன்றாவது, நான்காவது கால்.

சமதளத்திலோ லேசான இறக்கத்திலோ இரண்டு கோலையும் ஒன்றாக ஊன்றித் தள்ளுங்கள். கையால் இழுத்தால் தோள் பத்து நிமிடத்தில் கடுக்கும். வயிற்றை இறுக்கி, மேலுடல் எடையைக் கோல்மேல் இறக்குங்கள். ஏற்றம் வந்தால் அடிகளைச் சிறிதாக்கி ஓடுங்கள். பிடி நழுவும் அளவுக்குச் செங்குத்தானால் தடத்தை விட்டு வெளியே வந்து, முன்முனைகளை விரித்து, உள்ளோரத்தை ஊன்றி மீன்முள் வடிவில் ஏறுங்கள். உள்ளோரத்தை ஊன்றுவது சரிவுக்காரர்களுக்குப் பழகிய விஷயம் என்பதால் இது முதல் நாளே வந்துவிடும்.

நாற்பது நிமிடம் போதும், களைப்பு வருவதற்கு முன் நிறுத்துங்கள்.

இறக்கம்

சரிவுக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். வேகத்துக்கு நமக்குப் பயமில்லை. அதே வேகம் இந்தப் பலகையில் கட்டுப்பாட்டுக்குள் வராது என்பதை உடம்பு ஏற்க நாளாகும். பூட்டாத குதிகால், மெல்லிய காலணி, விளிம்பில்லாப் பலகை: சாய்த்துச் செதுக்கி வளைவதற்கு இதில் வழியே இல்லை.

சமதளம் பழகிய பின், கீழே நீண்ட சமதளம் இருக்கும் சிறிய இறக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலில் தடத்துக்குள்ளேயே நின்று, முழங்காலை மடக்கி, இரு பாதமும் முழுதாகப் பலகையில் பதிய, கைகளை முன்னே வைத்து, பலகையை ஓடவிடுங்கள். வேகம் தானாக அடங்கும். அடுத்து ஒரு காலைத் தடத்தில் வைத்தபடியே மறு பலகையை வெளியே எடுத்து, குதிகாலை வெளித்தள்ளி அரை ஆப்பு வடிவில் பனியைச் சுரண்டுங்கள். தடத்தில் உள்ள கால் திசையைப் பிடித்துக்கொள்ளும், வெளியில் உள்ள கால் வேகத்தைக் குறைக்கும். நகரத்துத் தடங்களில் நான் அதிகம் பயன்படுத்தும் உத்தி இதுதான். பிறகு முழு ஆப்பு. குதிகாலில் எடை போட்டு, சரிவில் செய்வதைவிட அகலமாக விரிக்க வேண்டும். வேகம் எடுத்த பிறகு ஆப்புப் போட்டால் பலன் குறைவு, இறக்கத்தின் உச்சியிலேயே தொடங்குங்கள்.

வளைவுகளில் சிறு சிறு அடியாக எடுத்து வைத்துத் திரும்புங்கள். உள்பலகையைத் தூக்கிப் புதிய திசையில் வைத்து, வெளிப்பலகையை அதன் பக்கம் கொண்டுவந்து, மறுபடியும் அதையே செய்யுங்கள். ஒற்றைக்கால் சமநிலை முன்பே பழகியிருந்தால் இது எளிதாக வரும், அதனால்தான் சமதளத்தில் அவ்வளவு நேரம் செலவிடச் சொன்னேன். விழத்தான் போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் இடுப்பில் உட்கார்ந்துவிடுங்கள். எழும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழுங்கள். கண்ணுக்குத் தெரியாத வளைவு, கீழே கூட்டம், உறைந்த தடம் என்றால் பலகையைக் கழற்றி ஓரமாக நடந்து இறங்குங்கள். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தடத்தில் நடந்துகொள்வது

வலப்புறம் ஓட வேண்டும். சரிவில் கீழே இருப்பவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். இரு திசையிலும் ஆள் வரும் கிராஸ் கன்ட்ரி தடத்தில் எதிர்ப்படும்போது நிலைமை வேறு. ஏறுகிறவர், எதிரே இறங்கி வருகிறவருக்கு வழிவிட வேண்டும். சரிவில் பழகியவர்கள் ஏறும்போது நடுத்தடத்திலேயே நின்றுவிடுவது இந்த வேறுபாடு தெரியாததால்தான். முந்துகிறவர் முன்னால் போகிறவருக்கு இடைஞ்சல் இல்லாமல் முந்த வேண்டும். ஆள் நெருங்கும்போது கோல்களை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள், அவற்றின் முனை கூரியது. நின்று மூச்சு வாங்குவதானால் தடத்தை விட்டு வெளியே. விழுந்து பனியில் குழி விட்டிருந்தால் மிதித்து நிரவிவிட்டுப் போங்கள். காலணியோடு தடத்தின்மேல் நடப்பது கூடாது.

முதல் நீளப் பயணம்

சோங்ஸ்வான் ஏரியைத் திணறாமல் இரண்டு சுற்று வர முடிந்தால், அரை ஆப்பும் கைவந்துவிட்டால், இப்போது ஃபிரோக்னர்செட்டரன் போகலாம். பகல் வெளிச்சத்தில், சனி அல்லது ஞாயிறு காலை. அங்கிருந்து காட்டு வழியே உல்லெவோல்செட்டர், அங்கிருந்து சோங்ஸ்வான், பிறகு மெட்ரோ. பத்து கிலோமீட்டருக்கு மேல் வரும். மேலே தொடங்கிக் கீழே முடிவதால் மொத்தக் கணக்கில் இறக்கம் அதிகம். காட்டில் மரங்களிலும் பலகைகளிலும் சிவப்புக் குறி ஸ்கீ பாதைக்கு, நீலக் குறி கோடை நடைபாதைக்கு. சிவப்பைப் பிடித்துப் போங்கள். கைபேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் மின்கலம் வேகமாக இறங்கும்.

உல்லெவோல்செட்டர் பழைய பண்ணைவீடு, இப்போது உணவகம். வெளியே சுவரோரம் பலகைகள் வரிசையாகச் சாய்ந்திருக்கும். உள்ளே வாஃபிள், இலவங்கப்பட்டை பன், சூடான பிளாக்கரன்ட் பழப் பானம். திறக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள். எப்படியும் பையில் ஓர் ஆரஞ்சும் க்விக் லுன்ஷ் சாக்லேட்டும் இருக்கட்டும், இந்த ஊரில் எல்லோர் பையிலும் இருப்பவை அவை. அங்கிருந்து சோங்ஸ்வானுக்கு இறங்கும் அகலப் பாதையில் ஞாயிறு மதியம் குழந்தைகளும் முதியவர்களுமாகக் கூட்டம் இருக்கும். ஆப்பை உச்சியிலேயே போடுங்கள் என்று முன்பே சொன்னது இந்தப் பாதையை நினைத்துத்தான்.

வீடு வந்ததும் பலகையைத் துடைத்து அறைச் சூட்டில் உலர விடுங்கள். தோல் ஸ்கீயை ஹீட்டர்மேல் சாய்க்க வேண்டாம், பட்டையின் பசை இளகிவிடும்.

ஒரு பருவம் கிளாசிக் ஓடிய பின் ஸ்கேட்டிங் பாணியைத் தொடுங்கள். தடத்துக்குப் பக்கத்தில் வாரியடித்த அகலப் பரப்பில், பலகைகளை விரித்து உள்ளோரத்தால் தள்ளிப் போவது. லிஃப்ட் வரிசையை நோக்கிச் சமதளத்தில் நாம் எப்போதும் செய்கிற அசைவுதான் அது, அதனால் சரிவுக்காரர்களுக்கு வேகமாக வரும். பலகை குட்டையாகவும், கோல் நீளமாக உயரத்தில் 90 விழுக்காடாகவும், காலணி கணுக்காலை இன்னும் உறுதியாகப் பிடிப்பதாகவும் வேண்டும். பலர் நேராக இதிலேயே தொடங்க ஆசைப்படுவார்கள். நான் தடுப்பேன். ஸ்கேட்டிங்கில் சமதளத்தில்கூட மூச்சு முட்டும், மெதுவாகப் போக இடமில்லை. கிளாசிக்கில் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் போகலாம், உங்கள் பிள்ளையோடு பேசிக்கொண்டே போகலாம்.